ஜோடி சேராத தூண், பொருந்தாத சட்டம்: பழைய கார் முன் கண்ணாடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்துப் போட்ட பழைய கார் ஒன்றை வாங்கினால் கூடவே ஓர் அட்டைப்பெட்டியும் வரும். "முன் கண்ணாடிச் சாமான் எல்லாம் இதுல இருக்கு" என்பார் கொடுப்பவர். திறந்து பார்த்தால் இரண்டு வண்டிகளின் தூண்கள், மூன்றாவது வண்டியின் சட்டம், எதிலும் சேராத ஒரு கைப்பிடி போல்ட்டுகள். அப்படிப்பட்ட பெட்டியோடு வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. உலோகச் சட்டத்துக்குள் தட்டையான கண்ணாடி நிற்கும் வண்டிகளுக்கு, அதாவது பெரும்பாலும் 1910 முதல் 1940 வரையிலான திறந்த வண்டிகளுக்கு இவை பொருந்தும். வளைந்த கண்ணாடி ரப்பர் வளையத்தில் உட்காரும் பிற்கால வண்டிகளின் கதை வேறு.

1. முன் கண்ணாடிச் சாமான்னா எதெல்லாம் சேரும்?

காரின் உடலில் போல்ட் போட்டு நிற்கும் இரண்டு தூண்கள். அந்தத் தூண்கள் பிடித்திருக்கும் சட்டம். மேல் கண்ணாடி திறக்கும் வண்டியானால் கீல், கைத்திருகு, உராய்வு வாஷர். அப்புறம் சட்டத்தின் மூலைத் திருகுகள், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் ரப்பர் நாடா, உயரமும் சாய்வும் சரிசெய்யத் தூணின் அடியில் வைக்கும் உலோகப் பட்டை. கண்ணாடியை இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பதில்லை. அது கடைசியாக வந்து உட்கார வேண்டிய விருந்தாளி. மற்றவை எல்லாம் ஒழுங்காக நின்ற பிறகுதான் அதற்கு அளவே எடுக்க வேண்டும்.

2. ஒரே கம்பெனி, ஒரே மாடல்னு சொல்லித்தான் வாங்கினேன். அப்புறம் ஏன் பொருந்தல?

மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் உதிரியும் ஒன்றாக இருக்கும் என்பது பிற்காலப் பழக்கம். ஃபோர்டு மாடல் டி வண்டிக்கு முன் கண்ணாடிகளைச் செய்து கொடுத்தவர்கள் பல வெளித் தயாரிப்பாளர்கள். ஒருவர் செய்த கீல் இன்னொருவர் செய்த சட்டத்தில் உட்காராது. மாடல் ஏ வண்டியில் 1928, 1929 ஆண்டுகளின் உடல் ஒரு வடிவம், 1930, 1931 ஆண்டுகளின் உடல் வேறொரு வடிவம். பெயர் ஒன்றுதான், தூண் மாறும்.

கையால் உடல் கட்டிய வண்டிகளில் இன்னும் சிக்கல். மரச் சட்டகத்தின் மேல் தகடு அடித்துச் செய்த உடலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படுவது சாதாரணம். தொழிற்சாலையிலேயே தூணின் அடியை அந்த உடலுக்கு ஏற்ப அரம் போட்டுத்தான் மாட்டினார்கள். ஆக, அதே ஆண்டு, அதே மாடலின் அசல் தூணே கிடைத்தாலும் உங்கள் வண்டியில் அப்படியே உட்காரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

3. ரெண்டு தூணும் ஜோடிதானான்னு எப்படிப் பார்க்கிறது?

ஒரு தட்டையான மேசையில் இரண்டையும் அருகருகே நிற்க வையுங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு இடது தூண்கள். சிரிக்காதீர்கள், இது நடக்கிறது.

அடுத்து மூன்று அளவுகள்: அடியிலிருந்து கீல் துளையின் மையம் வரை உயரம், அடித்தட்டுக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம், அடித்தட்டின் துளைகளுக்கு இடையிலான தூரம். உயரம் 1 மில்லிமீட்டர் வேறுபட்டால் பட்டை வைத்துச் சரிசெய்யலாம். கோணம் ஒரு டிகிரி மாறினாலே, 400 மில்லிமீட்டர் உயரத்தில் உச்சி 7 மில்லிமீட்டர் விலகி நிற்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது கோணத்தைத்தான்.

4. போல்ட் ரெண்டு சுத்து நல்லாப் போகுது, அப்புறம் இறுகிடுது. ஸ்பேனர் போட்டு ஏத்திடலாமா?

வேண்டாம். இரண்டு சுற்று போய் இறுகினால் அது அழுக்காக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வேறு மரை, அதாவது திருகின் புரி வேறு. பழைய வண்டிகளில் குறைந்தது நான்கு குடும்ப மரைகள் கலந்து கிடக்கும். பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வர்த் குடும்பம், அதாவது பிஎஸ்டபிள்யூ (அகன்ற மரை), பிஎஸ்எஃப் (நெருக்கமான மரை). மரையின் கோணம் 55 டிகிரி. சிறு திருகுகளில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்), அதன் கோணம் 47½ டிகிரி. அமெரிக்க வண்டிகளில் 60 டிகிரி மரை. ஐரோப்பிய வண்டிகளில் மெட்ரிக், அதுவும் 60 டிகிரி. யூஎன்சி (அகன்ற மரை), யூஎன்எஃப் (நெருக்கமான மரை) என்று நாம் வாங்குவது 1940களின் இறுதியில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒத்துக்கொண்ட தரம். பழைய அமெரிக்க மரைகளோடு பெரும்பாலும் சேரும், பிரிட்டிஷ் மரைகளோடு சேராது.

ஏமாற்றுபவை நெருங்கிய சொந்தங்கள்தான். கால் அங்குல பிஎஸ்டபிள்யூ, கால் அங்குல யூஎன்சி இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரை. ஒன்றுக்குள் ஒன்று போகும், ஆனால் கோணம் வேறு என்பதால் மரையின் பக்கங்கள் முழுதாகப் பிடிக்காது. கால் அங்குல பிஎஸ்எஃப்பில் 26 மரை. எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டில் 1 மில்லிமீட்டருக்கு ஒரு மரை, கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 25.4. அதனால் எம்6 போல்ட் பிஎஸ்எஃப் நட்டில் வழுக்கிக்கொண்டு போகும். விட்டம் 6.35-க்குப் பதில் 6 மில்லிமீட்டர்தான் இருப்பதால், இறுக்கினால் நட்டின் மரையைச் சுரண்டி எடுத்துவிடும். 0பிஏ இன்னும் மோசம்: விட்டம் 6 மில்லிமீட்டர், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 1 மில்லிமீட்டர். எம்6-இன் இரட்டைப் பிறவி போல இருக்கும், கோணம் மட்டும் வேறு.

சிறிய அளவில் 2பிஏ, எம்5, அமெரிக்கப் 10-32 மூன்றும் இதே கதை. விட்டம் முறையே 4.7, 5.0, 4.83 மில்லிமீட்டர். பிட்ச் மூன்றிலும் 0.8-ஐ ஒட்டியே வரும். சட்டத்தின் மூலைத் திருகுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும், அதனால்தான் அங்கே இவ்வளவு மரைகள் செத்துக் கிடக்கின்றன.

5. மரை அளக்கிற கேஜ் என்கிட்ட இல்ல. வேற வழி?

காலிப்பர் இருந்தால் போதும். பத்து மரையின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். ஒரு மரையை மட்டும் அளந்தால் தப்பு வரும். அப்புறம் அளவு தெரிந்த ஒரு புதிய போல்ட்டை எடுத்துச் சந்தேக போல்ட்டோடு மரைக்கு மரை படிய வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவே ஒளி கசியாமல் நீளம் முழுதும் படிந்தால் பிட்ச் ஒன்று.

துளைக்குள் இருக்கும் மரைக்கு, மென்மையான மரக்குச்சி ஒன்றைத் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சீவி, உள்ளே திருகி வெளியே எடுங்கள். மரையின் பதிவு குச்சியில் விழுந்திருக்கும். அதை முன் சொன்னபடி ஒப்பிடலாம்.

6. எல்லாத்தையும் மெட்ரிக்குக்கு மாத்திட்டா தொல்லை விட்டதில்லையா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கால் அங்குலத் துளையில் எம்6 போட முடியாது, எம்8-க்குப் பெரிதாக்க வேண்டும். மெல்லிய வார்ப்புத் தூணில் அவ்வளவு சதை இருக்காது. மரை உண்மையிலேயே போய்விட்டால், கம்பிச் சுருள் செருகி அதே பழைய மரையை உயிர்ப்பிப்பது மேல். பிஎஸ்எஃப், பிஏ சுருள்களும் கிடைக்கின்றன.

இன்னொன்று. பத்து வருடம் கழித்து அந்த வண்டியைக் கழற்றப் போகிறவர் அது பிஎஸ்எஃப் என்று நம்பித்தான் ஸ்பேனர் எடுப்பார். மாற்றியே ஆக வேண்டுமானால் எங்கே மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வண்டியோடு வையுங்கள்.

7. தூண் என்ன உலோகம்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன்?

அடுத்த கேள்விக்கான பதில் முழுக்க இதில்தான் தொங்குகிறது. முலாமுக்கு அடியில் நான்கில் ஒன்று இருக்கும்: இரும்பு அல்லது எஃகு, பித்தளை அல்லது வெண்கலம், அலுமினியம், துத்தநாக வார்ப்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு வகை. ஒட்டாவிட்டால் எடை போட்டு, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் முக்கி, கிராம் எடையை வழிந்த தண்ணீரின் மில்லிலிட்டர் அளவால் வகுத்துப் பாருங்கள். 2.7-ஐ ஒட்டி வந்தால் அலுமினியம், 7-க்குள் வந்தால் துத்தநாகம், 8.4-க்கு மேல் என்றால் பித்தளை குடும்பம்.

துத்தநாக வார்ப்பு வந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள். 1920களின் வார்ப்புகளில் ஈயம் போன்ற கலப்படம் இருந்ததால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஊதி, வெடிப்பு விட்டுப் போகும். 1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் தூய துத்தநாகத்தில் ஜாமாக் கலவையைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. முலாமில் கொப்புளம், கோணல் வடிவம், மெல்லிய வெடிப்பு மூன்றும் இருந்தால் அதைத் தூணாகப் பயன்படுத்தாதீர்கள். வேறு உலோகத்தில் வார்ப்பதற்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

8. ஒரு தூண் லேசா சாய்வு மாறுது. சூடு காட்டி வளைச்சிடலாமா?

அடித்து உருவாக்கிய எஃகுத் தூண் என்றால் சிவக்கக் காய்ச்சி வளைக்கலாம். மற்ற எதையும் வளைக்காதீர்கள். வார்ப்புப் பித்தளையில் ஈயம் இருந்தால் சூட்டில் பொடிந்து உடையும். துத்தநாகம் வளையவே வளையாது, உருகும் அல்லது முறியும். மெல்லியல்பு வார்ப்பிரும்பு நயவஞ்சகமானது: பார்க்க எஃகு போல இருக்கும், காந்தமும் ஒட்டும், ஆனால் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக்கினால் அந்த இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதில் உடைப்பு இருந்தால் பித்தளைப் பற்றுதான் வைக்க வேண்டும்.

வளைக்க முடியாத தூணுக்கு ஆப்பு வடிவப் பட்டை இருக்கிறது. பித்தளைத் தகட்டை ஒரு பக்கம் மெலிதாகச் சீவி அடியில் வைத்தால் சாய்வு திரும்பும். 3-ஆம் கேள்வியின் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 60 மில்லிமீட்டர் அகல அடித்தட்டின் ஒரு விளிம்பில் 1 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும்.

9. தூணோட துளையும் பாடியோட துளையும் 4 மில்லிமீட்டர் தள்ளி இருக்கு. துளையை நீட்டிடவா?

1 மில்லிமீட்டர், மிஞ்சினால் 1½ வரை அரம் போட்டு நீட்டலாம், கெட்டி வாஷர் வைத்து. 4 மில்லிமீட்டர் நீட்டினால் அது துளை இல்லை, ஓடை. குலுங்கக் குலுங்கத் தூண் அதில் நகரும். உடலின் துளையை மூடிப் புதிதாகத் துளையுங்கள். தகடு என்றால் பற்றவைத்து மூடலாம். மரம் என்றால் அதே வகை மரக்கட்டையைப் பசையோடு அடித்து அடைக்கலாம். தூணில் கை வைக்காதீர்கள், அது திரும்பக் கிடைக்காது.

துளைப்பதற்கு முன் ஒரு நிமிடம். தூண் அந்த இடத்தில் நின்றால் கதவு மூடுகிறதா, துணிக்கூரையின் முன் கட்டை சட்டத்தின் உச்சியில் வந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அழகாக நின்று, கூரை 20 மில்லிமீட்டர் எட்டாமல் போன வண்டியைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் மழைக்காலம் வரை அதைக் கவனிக்கவில்லை.

10. எந்த வரிசையில மாட்டணும்?

வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. மரச் சட்டக உடல் தாங்கும் இடம் மாறினால் வடிவமும் மாறும். கதவுகளை மாட்டி மூடுங்கள். பிறகு தூண்களைக் கைவிரல் இறுக்கத்தில் நிறுத்துங்கள். காலிச் சட்டத்தை மாட்டுங்கள். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, 2 மில்லிமீட்டருக்குள் சமமாக வரும்வரை பட்டைகளை மாற்றுங்கள்.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடும் படி: முறுக்கு. மூலைவிட்டம் சரியாக இருந்தும் சட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். இரண்டு நூல்களை எதிரெதிர் மூலைகளுக்கு இழுத்துக் கட்டுங்கள், நான்கு மூலைகளிலும் ஒரே மட்டத்தில். நடுவில் இரண்டும் உரசியும் உரசாமலும் தொட வேண்டும். நூல்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் ஒரு மூலை அதைப்போல் இரண்டு மடங்கு வெளியே நிற்கிறது என்று பொருள். ஒரு நூல் மற்றதை அழுத்தினாலும் முறுக்குதான், எதிர்த் திசையில். இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நான் கண்ணாடியைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஜோடி சேராத தூண்களில் இந்தச் சோதனை முதல் தடவை தேறியதாக எனக்கு நினைவில்லை.

நூல் தேறிய பிறகு போல்ட்டுகளை இடம் வலம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மீண்டும் நூல். பிறகு 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் பொய்க் கண்ணாடி ஒன்று வெட்டி, ரப்பர் நாடாவோடு மாட்டி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். முற்றத்தில் மட்டும், பலகை பார்வையை மறைக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

11. கண்ணாடி என்ன அளவுக்கு வெட்டணும்?

சட்டத்தின் பள்ளத்தின் அடிவரை அளந்து, ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 மில்லிமீட்டர் குறையுங்கள். கண்ணாடி எங்கேயும் உலோகத்தைத் தொடக் கூடாது. பொய்க் கண்ணாடி சரியாக உட்கார்ந்திருந்தால் அதையே மாதிரியாகக் கொடுங்கள், காகிதத்தில் வரைந்த அளவைவிட அது நம்பகம். தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். பள்ளம் அகலமாக இருந்தால் தடித்த நாடா, குறுகலாக இருந்தால் மெல்லிய நாடா. நாடாவைச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றுங்கள். என்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

12. வண்டியோட வந்த பழைய கண்ணாடியையே போட்டுக்கலாமே?

அது சாதாரணக் கண்ணாடி என்றால் கூடாது. உடைந்தால் கத்திகளாக முகத்துக்கு வரும். எட்வார்ட் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1909-இல் காப்புரிமை எடுத்த அடுக்குக் கண்ணாடி (இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம் ஒட்டியது) வந்ததே இந்த ஆபத்துக்காகத்தான். ஆனால் அந்தக் காலத்து அடுக்குக் கண்ணாடியின் நடுவே இருந்தது செல்லுலாய்டு. வெயிலில் மஞ்சளாகி, ஓரங்களில் குமிழ் விட்டிருக்கும். அதையும் சுவரில் மாட்டலாம், வண்டியில் வேண்டாம்.

இன்றைய தட்டையான அடுக்குக் கண்ணாடியை எந்த வடிவத்துக்கும் வெட்டலாம். கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, துளையும் போட முடியாது. முன் கண்ணாடிக்கு எப்போதும் அடுக்குதான்.

13. எல்லாம் கச்சிதமா மாட்டினேன். காலைல பார்த்தா மூலையிலிருந்து கீறல். யாரும் தொடவே இல்ல!

எனக்கும் நடந்தது, அதனால் பதில் தெரியும். பெட்டியில் கிடந்த மூலைத் திருகு ஒன்றை எடுத்துப் போட்டிருந்தேன். மரை சரி, தலை சரி, நீளம் மட்டும் 3 மில்லிமீட்டர் அதிகம். நுனி பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டு நாடாவைத் துளைத்துக் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பகலில் ஒன்றும் ஆகவில்லை. பித்தளை வெப்பத்துக்கு விரிவதும் சுருங்குவதும் கண்ணாடியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1 மீட்டர் பித்தளைச் சட்டம் 20 டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் சுருங்கும். 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது ஒன்றுமே இல்லை. திருகு நுனி தொட்டுக்கொண்டிருந்தால் அது போதும்.

கீறல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். திருகுக்கு எதிரே தொடங்கினால் நீளம்தான் குற்றவாளி. மூலையிலிருந்து குறுக்கே ஓடினால் முறுக்கு, 10-ஆம் கேள்விக்குத் திரும்புங்கள். கீலுக்கு அருகே என்றால் கைத்திருகை மிகையாக இறுக்கியிருப்பீர்கள்.

14. ஒரு தூண் நிக்கல், இன்னொண்ணு குரோம். பாலிஷ் போட்டா ஒண்ணா தெரியுமா?

தெரியாது. நிக்கலில் லேசான மஞ்சள் சூடு இருக்கும், குரோமில் நீலச் சாயல். கார்களில் குரோம் பரவியது 1920களின் பிற்பகுதியில்தான், அதற்கு முந்தைய வண்டிக்கு நிக்கலோ பித்தளையோதான் பொருத்தம். இரண்டையும் உரித்து ஒரே தொட்டியில், ஒரே நாளில் பூசச் சொல்லுங்கள்.

15. முலாம் பூசி வந்ததும் முன்னாடி பொருந்தினது எதுவும் உள்ள போகல. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கு ஏற ஏறத் துளை குறுகும், மரை தடிக்கும். சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான், ஆனால் கீல் ஊசிக்கு அதுவே அதிகம். மரைகளையும் ஊசித் துளைகளையும் மெழுகு வைத்து அடைத்து அனுப்புவது நல்லது. மறந்துவிட்டால் சரியான மரை வெட்டும் டேப் கருவியைக் கையால் ஒரு முறை ஓட்டுங்கள். எது சரியான மரை என்பதை 4, 5-ஆம் கேள்விகளில் பார்த்து உறுதிசெய்துகொண்டு ஓட்டுங்கள்.

16. சட்டம் கொஞ்சம் லூஸ். சிலிகான் வெச்சு ஒட்டிட்டா ஆடாதுல்ல?

ஆடாது, கழற்றவும் முடியாது. புளிப்பு வாடை வீசும் சிலிகான் இன்னும் மோசம். அதில் வெளிவரும் அசிட்டிக் அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும், அடுக்குக் கண்ணாடியின் நடுப்படலத்தையும் ஓரத்தில் பிரிக்கும். தளர்வுக்கு 11-ஆம் கேள்வியில் சொன்ன தடித்த நாடா போதும். நீர்க் கசிவுக்குத்தான் ஒட்டுப் பொருள் வேண்டுமென்றால் வாடையில்லாத நடுநிலை வகை.

கீல் ஊசி தேய்ந்து சட்டம் ஆடினால் துளையைச் சீராக்கிப் பெரிய ஊசி போடுங்கள், உராய்வு வாஷரைப் புதிதாக வையுங்கள். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு போடும்போது நடுவே கிரீஸோ காப்புப் பசையோ இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிடும்.

17. வேற வருஷத்துத் தூணைப் போட்டா வண்டியோட மதிப்பு போயிடாதா?

ஒளித்தால் போகும், சொன்னால் அவ்வளவாகப் போகாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், மாற்றிய பாகங்களை அடையாளம் காணும்படி குறி வைக்கச் சொல்கிறது. தூணின் அடியில், கண்ணுக்குத் தெரியாத முகத்தில், ஆண்டை அச்சடித்து வைக்கிறேன். உடலை வெட்டாமல், பட்டையும் போல்ட்டும் மட்டும் வைத்து மாட்டியிருந்தால் அசல் கிடைக்கும் நாளில் ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம்.

18. மிச்சம் கிடக்கிற சாமானைத் தூக்கிப் போட்டுடவா?

ஐயோ, வேண்டாம். ஒவ்வொன்றிலும் மரை, உயரம், கோணம், எந்தப் பக்கம் என்று ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள். இரண்டு இடது தூண் வந்து சேர்வது நடக்கிறது என்று 3-ஆம் கேள்வியில் சொன்னேனே, அது நடந்தது எனக்குத்தான். என் வலது தூண் கிடைத்தது இரண்டு வலது தூண் வைத்திருந்த இன்னொருவரிடம், அவர் பெட்டியில் ஏழு வருடமாக.